அறுபத்திரண்டாயிரம் கணவர்கள்

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு உப்பு மேடம் என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வாட்ச்மேன்கூட, "உப்பு மேடம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். அவள் கோபித்துக்கொள்வதில்லை. எதிர் அறையில் கொசுவை ஆராய்கிறவரை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையை ஒட்டியது அவள் அறை. வாரத்துக்கு ஒருவராவது கதவு மாறி வந்து, கால் போன நாற்காலி ஒன்றை அவள் மேஜையருகே வைத்துவிட்டுப் போவார். அங்கே உட்கார்ந்து அவள் என்ன செய்கிறாள் என்று உறவுக்காரர்களுக்கு விளக்குவது பெரும்பாடு. கணினிக்குள் ஒரு பொய் நாட்டை வளர்த்து வந்தாள். நிஜ நாட்டில் இருப்பது போலவே அதிலும் கிழவர்களும் குமரிகளும் இருந்தார்கள்; தின்றார்கள், வயதானார்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். ரொட்டித் தொழிற்சாலைகள் உப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று சட்டம் வந்தால், பத்து வருடத்தில் எத்தனை பேர் மாரடைப்பிலிருந்து தப்புவார்கள்? அதை முதலில் பொய் நாட்டில் போட்டுப் பார்ப்பாள். அங்கே யார் செத்தாலும் போலீஸ் வராது.

அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகத் தொண்டை கட்டக் கத்தி, மகளை விடுதிக்கு அனுப்பிய பிறகு டாக்டர் பட்டம் வாங்கி, நாற்பத்தைந்து வயதில் பிடித்த இடம். மூன்று வருட ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வியாழக்கிழமை சுகாதாரத் துறை அதிகாரி வந்து அறிக்கையை ஏற்றுக்கொண்டால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் பக்கத்து அறைக்கு இன்னொரு நாற்காலி போய்ச் சேரும்.

துறைத் தலைவருக்கு முன்னுரை என்று பட்டப்பெயர். அவர் விஷயத்துக்கு வருவதற்குள் கூட்டமே முடிந்துவிடும். அறிக்கையில் அவர் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது அவளுடைய ரொட்டிக் கணக்கை அல்ல, இருபத்தேழாம் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அட்டவணையை. ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் அறுபத்திரண்டாயிரம் பேர் வீட்டில் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு, வெளியே போய் அதற்கும் சேர்த்து உப்பை உள்ளே தள்ளுகிறார்கள் என்றது அது.

"அறுபத்திரண்டாயிரம் திருடனுங்கம்மா! இதை முதல் பக்கத்துல போடு" என்றார்.

முன்கூட்டியே நகலைப் படித்த அதிகாரிக்கும் பிடித்துப்போனது. அந்த ஆண்களின் மனைவிமாருக்கு ஓர் அறிவுரைக் கையேடு அச்சடிக்கலாம் என்று திட்டம் போட்டுவிட்டார். ரொட்டி முதலாளிகளோடு மல்லுக்கட்டுவதைவிட மனைவிமாருக்குப் புத்தி சொல்வது யாருக்கும் சுலபம்தானே.

புதன்கிழமை காலை அதிகாரியின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அந்த மனைவிமார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்த நடையில் கையேட்டை எழுதலாமாம். இரண்டு நிமிட வேலை. தட்டிப் பார்த்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

மனைவியின் தொழில்: பல்கலைக்கழகத்தில் உப்பு ஆராய்ச்சி. எண்ணிக்கை: 62,000.

முதலில் சிரித்துவிட்டாள். இத்தனை பேர் இருந்தால் ஒருத்தியாவது இந்த அறைக்கு டீ குடிக்க வந்திருக்க மாட்டாளா? அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, கணக்கெடுப்புப் படிவங்களின் கட்டைத் தேடி எடுத்தாள்.

பொய் நாட்டை நிரப்புவதற்காக, நிஜ நாட்டில் உள்ள எல்லாரிடமும் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க முடியாது. சில ஆயிரம் பேரைக் கேட்டு, ஒவ்வொருவரையும் அவரைப் போன்ற பலருக்குப் பதிலாக நிறுத்துவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். கணக்கெடுப்பவர்கள் பகலில் போய்க் கதவைத் தட்டியதால், ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் ஒன்பதே பேர்தான் வீட்டில் அகப்பட்டார்கள். அதனால் அந்த ஒன்பது பேரில் ஒவ்வொருவர் தலையிலும் அறுபத்திரண்டாயிரம் பேர் ஏறி உட்கார்ந்தார்கள். ஒன்பதில் ஒருவர் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் கணக்கெடுப்புக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், "முதல்ல எங்க வீட்டுல போய் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பழகிக்கோம்மா" என்று இவளே சொல்லி அனுப்பியிருந்தாள். பழகுவதற்கு நிரப்பிய படிவம் நிஜப் படிவங்களின் கட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டின் மேல் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டிருந்ததும் சாட்சாத் இவளேதான்.

படிவத்தின் கீழே குறிப்பு இருந்தது. "உப்பு பிஸ்கட் தினம் இரண்டு பாக்கெட். வறுத்த கடலை. கார் டேஷ்போர்டில் உப்பு டப்பா. மனைவிக்குத் தெரியக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்."

முன்னுரையிடம் ஓடினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். "நாளைக்கு மூச்சு விடாதே. கையெழுத்து ஆகட்டும், அப்புறம் சத்தமில்லாம திருத்திக்கலாம். உன் வேலைக்காகத்தாம்மா சொல்றேன்."

கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததுமே பிடித்துக்கொண்டாள். பிஸ்கட், கடலை, டப்பா என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். மனுஷன் செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றார். ஆனால் எண்ணைக் கேட்டதும் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது.

"அறுபத்திரண்டாயிரம் பேருக்கா நான்? எங்க ஸ்கூல்ல எங்கிட்ட கத்துக்கறவங்க மொத்தமே நாலு பேரும்மா!"

"பெருமையா இருக்கோ? டாக்டர் பிரஷர்னு சொன்ன நாள்லேருந்து நாலு வருஷமா நானும்தானேங்க உங்களோட சேர்ந்து உப்பில்லாம தின்னுட்டிருக்கேன். எங்கிட்டச் சொல்ல என்ன பயம்?"

அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "அதனாலதான் பயம். நீயும் சேர்ந்து தின்னியே. உன் எதிர்ல உக்காந்து உப்பு வேணும்னு கேக்க எனக்கு வாயே வரல."

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரில் யார் யார் எவ்வளவு உப்பு தின்கிறார்கள் என்று விரல்நுனியில் வைத்திருந்தவளுக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரின் மனசு தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு என்ன பண்ணப் போறே?" என்று அவர் கேட்டார்.

"சொன்னா வேலை போனாலும் போயிடும். சொல்லலைன்னா, தினம் ஆபீஸ்ல உங்களை அறுபத்திரண்டாயிரம் பேரா உக்காந்து பார்த்துட்டிருக்கணும்."

"சொல்லிடு. மானம் போறது என்னோடதானே."

வியாழக்கிழமை முன்னுரை தன் முன்னுரையைத் தொடங்கி, மனித குலம் உப்பைக் கண்டுபிடித்த காலத்தைத் தொட்டபோது அவள் எழுந்து நின்றாள். இருபத்தேழாம் பக்கம் தப்பு என்றாள். எப்படித் தப்பு, கையெழுத்து யாருடையது எல்லாம் சொன்னாள். முன்னுரை தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"யாரும்மா அந்த ஆள்?" என்றார் அதிகாரி.

"என் வீட்டுக்காரர், சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. "அவரை எடுத்துட்டா ரொட்டிக் கணக்கு?"

"நேத்தே எடுத்துப் பார்த்துட்டேன். அது அப்படியேதான் நிக்குது."

"அப்போ என் கையேடு?"

அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "சார், இந்த நாட்டுலயே உப்பைப் பத்தி அதிகமா புத்தி கேட்ட ஆம்பளை அவர்தான். உப்பு ஆராய்ச்சி பண்றவளே வீட்டுல இருக்கேன். அப்பவும் டேஷ்போர்டுல டப்பா இருக்கு. மத்த வீட்டுப் பொம்பளைங்க என்ன செய்வாங்க? நீங்க ரொட்டியில குறைச்சுடுங்க. அவருக்குத் தெரியவே தெரியாது."

அதிகாரி இருபத்தேழாம் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். அவள் சரிபார்க்காமல் போட்ட கையெழுத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். அதில் கொஞ்சமும் இளக்கம் காட்டவில்லை. பிறகு, ஐம்பதைத் தாண்டிய ஆண்களை அவர்கள் வீட்டில் இருக்கிற சாயங்கால நேரத்தில் போய் மறுபடி கேட்க வேண்டும், அதற்கு ஒரு வருடம் இவளே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது கேட் அருகே டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. வகுப்பை ரத்து செய்துவிட்டு வந்திருந்தார். அவள் ஏறி உட்காரும்வரை பொறுக்கவில்லை. "வேலை?"

"ஒரு வருஷம் நீட்டியிருக்காங்க."

பெருமூச்சு விட்டார். "நான்?"

"உங்களை எடுத்தாச்சு."

"மொத்தமாவா?"

"மொத்தமா."

பெரிய பதவி பறிபோன மாதிரி ஸ்டியரிங்கைப் பார்த்தார். "அப்ப இனிமே நான் எதைத் தின்னாலும் அரசாங்கத்துக்குக் கவலை இல்லைன்னு சொல்லு."

"அரசாங்கத்துக்கு இல்ல" என்றாள். ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டிலிருந்த உப்பு டப்பாவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வண்டியை எடுத்தார்.