பூஜ்யத்துக்கு உயரம் இல்லை

நம் வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு நாட்களாக ஓடும் கதைக்கு ஒரு திருத்தம். அந்தப் பௌர்ணமியன்று அடி அண்ணாமலைக்குத் தண்ணீர் அனுப்ப நான் மறக்கவில்லை. மவுஸையும் வீசவில்லை. மேஜைமேல் வைத்தேன்... சற்று அழுத்தமாக.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கரகரப்பு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாயிரமாவது ஆண்டுக்குச் சற்று முன்பு. கிரிவலப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் நடத்திய நம் குழுவுக்காக நான் எழுதிய புரோகிராம். என் கணவர் காலமான பிறகு கற்ற விஷுவல் பேசிக்கில்.

திரையில் ஆறு பந்தலுக்கு ஆறு தூண்கள். தொட்டியில் எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு உயரம். லாரியின் பெயரை மவுஸால் இழுத்து எந்தத் தூண்மேல் விடுகிறோமோ, அந்தப் பந்தலுக்குச் சீட்டு அச்சாகும். சீட்டில்லாமல் லாரி நகரக் கூடாது. முந்தைய மாதம் இரண்டு லாரிகள் ஒரே இடத்துக்குப் போனதால் நான் போட்ட சட்டம்.

மாலை நாலு மணி. அடி அண்ணாமலைப் பந்தலைப் பார்த்துக்கொண்ட தேவகி, டெலிபோன் பூத்திலிருந்து போன் செய்தாள்.

“மேடம், தொட்டி சுத்தமா காலி. ஜனம் ஜாஸ்தியாயினே இருக்குது. கொழந்தைங்கல்லாம் தண்ணி கேட்டு நிக்குதுங்க.”

பூஜ்யம் போட்டேன். தூண் மறைந்தது. லாரியை இழுத்துப்போய் அங்கே விட்டேன்... ஏற்கவில்லை. மூன்று முறை.

லாரி டிரைவர் ஏகாம்பரம் வாசலில் நின்றார்.

“இன்னும் கொஞ்ச நேரம் போனா கூட்டத்துல வண்டி நுழையாதும்மா. அஞ்சு குடம் இருக்குதுனு போட்டுடுங்க. யாரு எண்ணப் போறாங்க?”

“இல்லாத தண்ணியை இருக்குனு எழுத மாட்டேன்.”

“அப்ப வாயாலயே சொல்லுங்க, போறேன்.”

“சீட்டு?”

“நல்லா படிச்சீங்கம்மா கான்வென்ட்ல!”

அப்போதுதான் மவுஸை வைத்தேன். வைத்த கையோடு விளங்கியது. வரைந்த தூணுக்குள் விட்டால்தான் ஏற்கும்படி எழுதியிருந்தேன். பூஜ்யத்துக்கு ஏது உயரம்? எங்கே விடுவது? தண்ணீர் அவசரமாக வேண்டிய பந்தலுக்குத்தான் என் புரோகிராமில் வழியே இல்லை!

தூணின் அகலத்துக்குள், திரையின் அடியிலிருந்து உச்சிவரை எங்கே விட்டாலும் ஏற்கும்படி இரண்டு வரி மாற்றினேன். ஏகாம்பரம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சீட்டு வந்தது. கிழித்துக்கொண்டு ஓடினார்.

அரை மணி கழித்து மறுபடியும் போன்.

“வந்துடுச்சு மேடம்! தொட்டி ரொம்பினு இருக்குது!”

அதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் என்பது உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

இப்போது போனைத் தொட்டால் லாரி வருகிறது. யார் புது ஆப் காட்டினாலும் முதலில் பூஜ்யம் போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஏற்கிறது. நிம்மதிதான்... அந்தக் கரகரப்பு மட்டும் இல்லை.

தேவகி, நான் மறந்ததாக எழுதியது நீ. பூத்தில் நின்ற உனக்கு இந்தப் பக்கம் நடந்தது தெரிய வாய்ப்பில்லை. இப்போது தெரிந்துவிட்டது. “மேடம் மறக்கவில்லை” என்று குரூப்பில் ஒரு வரி பதில் எழுது. கட்டைவிரல் படம் போதாது.