நாடகப் பெட்டியில் கிடந்த ஃப்ளிஸ்ஸா

முப்பத்தொரு ஆண்டுகளில் பதினேழாயிரம் பொருட்களுக்கு விலை எழுதியவர் அவர். ஏலக் கடையில் எல்லோருக்கும் அவர் லென்ஸ் அக்கா. வாள் என்று எது வந்தாலும் முதலில் பிடியைப் பார்ப்பார். சுவரில் மாட்டும் பொம்மை வாள்களைப் பிடியே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் 212ஆம் ஏல எண்ணுக்கும் எழுதினார்: "நாடகச் சாமான் பெட்டி. கிரீடம் இரண்டு, தாடி நான்கு, வாள் ஒன்று. மதிப்பு ஐம்பது டாலர்." தங்கப் பெயின்ட் பூசிய பிடி, அதன்மேல் விரல்களைக் காக்க, கண்ணாடி மணி ஒட்டிய தகரத் தடுப்பு. வேறென்ன எழுதுவது?

செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டியின் சொந்தக்காரரான பஸ் டிரைவர் கையெழுத்துப் போட வந்தார். கடைசியாகத் தாடிகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டிக்குள் கைவிட்டவர், "அம்மாடி!" என்று விரலை உதறினார். ரத்தம்.

"தகரம் கிழிச்சிருக்கும்," என்றார் அக்கா, பிளாஸ்டரைத் தேடிக்கொண்டே.

"தகரம் இல்ல மேடம், கத்திதான். எங்கப்பா பதினெட்டு வருஷம் மேடையில இதாலதான் தினம் குத்துப்பட்டுச் செத்தாரு."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவ."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. நாடக வாளுக்கு யாரும் கூர் வைப்பதில்லை.

வாளை விளக்கடியில் கிடத்தினார். பஞ்சில் தின்னரைத் தொட்டு, அலகின் வெள்ளிப் பெயின்டைக் கட்டைவிரல் அகலத்துக்குத் துடைத்தார். மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. லென்ஸை வைத்தார். இரும்பில் கடுகளவு பள்ளங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் பித்தளையை அடித்து இறக்கியிருந்தார்கள். நாற்பதுவரை எண்ணியவர் பிறகு எண்ண மறந்துபோனார். அலகின் முதுகு ஸ்கேல் வைத்ததுபோல் நேர். கூர்ப்பக்கம் உள்வாங்கி, புடைத்து, நுனியில் ஊசியாக ஒடுங்கியது. பேனாக்கத்தி பட்டதும் தகரத் தடுப்பு கழன்று விழுந்தது. பெயின்டுக்கு அடியில் பிடியின் முனை ஒரு மிருகத்தின் தலை.

இதைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஃப்ளிஸ்ஸா. அல்ஜீரிய மலைகளில் கபீல் இனக் கொல்லர்கள் தடுப்பே வைக்காமல் செய்த வாள். நூற்றைம்பது வயதாவது இருக்கும். அவர் கைகள் தாமாகவே மேசையை விட்டு விலகின.

"என்ன மேடம், கெட்டுப்போச்சா?"

"உங்கப்பா அத்தன வருஷம் தப்பிச்சதே பெரிய விஷயம். இது அம்பதுக்குப் போயிருந்தா உங்க வயித்துல அடிச்ச பாவம் எனக்கு."

ஏலப் பட்டியல் நான்கு மணிக்குள் அச்சாகி வந்துவிடும். அப்படியே வெளியானால் எவனோ தாடியோடு வாளையும் அள்ளிக்கொண்டு போவான். அச்சகம் அவர் தம்பியுடையது. போன் செய்தார்.

"மெஷின் ஓடுதுக்கா. யாரு தப்பு?"

"என்னோடதுதான்."

"இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். இன்னொரு தடவ சொல்லு."

"நான்தான்டா தப்பா எழுதிட்டேன். நிறுத்து!"

மறுமுனையில் மெஷின் சத்தம் அடங்கியது. அக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லச் சொல்ல, தம்பி எழுதிக்கொண்டார்: "ஃப்ளிஸ்ஸா வாள், அல்ஜீரியா, பத்தொன்பதாம் நூற்றாண்டு. பிற்காலப் பெயின்ட், சிறு பகுதி துடைக்கப்பட்டது. மதிப்பு மூவாயிரம் முதல் நாலாயிரம் டாலர்."

"மிச்சப் பெயின்ட்ட நானே தேய்ச்சுடட்டுமா மேடம்?"

"கைய எடுங்க!"

212-அ என்ற தனி எண்ணில், அடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாள் ஏலத்துக்கு வருகிறது.