வெள்ளி நாக்கு

பதுளையில் பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளை இன்றைக்கும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் குழந்தையின் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். முருகன் வாய் திறந்துவைத்தவளாம் நான்! குழந்தை என்னைப் போலவே பேசித் தொலைத்தால் நான் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் என் வீம்பும் என் தொண்டையும்தான்.

நான் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா அங்கே சின்னக் கங்காணி, கொழுந்து எடுக்கிறவர்களை வேலை வாங்குகிறவர். தோட்டத்தில் யாரும் மெல்லப் பேசுவதில்லை. இந்த மலையில் நிற்பவள் அந்த மலையில் நிற்பவளிடம் வெற்றிலை இருக்கா என்று கேட்டால், குரல் நடுவிலுள்ள பள்ளத்தைத் தாண்டிப் போக வேண்டும். அந்தக் குரலோடுதான் பதுளைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை வீட்டுக்கு மருமகளாக வந்தேன். அவர்களும் அக்கரையிலிருந்து வந்தவர்கள்தான், எங்கள் சாதிசனம்தான். என்ன, அவர்கள் கப்பலைவிட்டு இறங்கிக் கடை போட்டார்கள், நாங்கள் மலையேறினோம்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வந்த மறுநாளே கொல்லையில் நின்று, "இந்தாங்க! சோறு ஆறிப்போவுது, வாங்க!" என்று என் கணவரைக் கூப்பிட்டேன். கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். "போங்க, லயத்துல கூப்பிடுறாங்க" என்று, நாங்கள் தோட்டத்தில் குடியிருந்த வரிசை வீடுகளைச் சொல்லி, எதிர்க்கடைக்காரர் கிண்டல் செய்தாராம்.

அது போதாதென்று பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். அந்த அம்மாளின் காலில் சப்பாத்தையும் கையில் குடையையும் பார்த்ததும் எனக்குத் தோட்டத்துத் துரைசாணி ஞாபகம் வந்துவிட்டது. துள்ளி எழுந்து, நெற்றியில் கை வைத்து, "சலாங்கம்மா!" என்று ஒரு போடு போட்டேன். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். என் மாமியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"ஏ புள்ள, இது என்ன பெரட்டுக் களமா, காலையில தொரைக்குச் சலாம் போட்டு வேலைக்குப் போறதுக்கு? நீ வாயத் தொறந்தா தோட்டக்காட்டு வாடை தெரு முழுக்க அடிக்குது. நாலு பேரு வந்தா வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

மூடிக்கொண்டேன். நாலு பேர் வந்தால் மட்டும் என்றுதான் அத்தை சொன்னார். நானோ வீம்புக்காரி, ஒரேயடியாக மூடிக்கொண்டேன். கணவரிடம் மட்டும் அறைக்குள் கிசுகிசுப்பேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்க" என்பார் அவர். அவருக்கு அம்மா என்றால் பயம்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. வாய் திறக்காதவரைக்கும் நான் அடக்கமான பெண், குடும்பத்துக்கு ஏற்ற பெண். தோட்டத்துப் பெண் என்றால் புதிதாக வருகிறவர்கள் யாரும் நம்பக்கூட இல்லை. இத்தனைக்கும் முகம் அதே முகம், சேலை அதே சேலை! எனக்கும் தலைக்கனம் ஏறி, தலையசைப்பிலேயே ஆமாம், இல்லை, அப்புறம் பார்க்கலாம் எல்லாம் சொல்லப் பழகிவிட்டேன். ஆனால் கொஞ்ச நாளில் நான் ஊமையாகிவிட்டேன் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. ஊமை என்றால் செவிடும்தானே என்று வருகிறவர்கள் எல்லாரும் என் காதருகே வந்து கத்த ஆரம்பித்தார்கள். சத்தமாகப் பேசுகிறேன் என்று வாயடைக்கப்பட்டவளுக்கு வந்த தலையெழுத்தைப் பாருங்கள்! கிளாக்கர் வீட்டு அம்மாள் பாவப்பட்டுப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் கொடுப்பார். நானும் வெட்கமில்லாமல் தின்பேன்.

"அண்டைக்குச் சலாம் போட்ட பிள்ளைக்கு இப்ப வாய் பேசாதாமே? பெண் வீட்டுக்காரர் முதலே ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று அவர் ஒருநாள் அத்தையிடம் கேட்டார்.

நான்தான் மூடச் சொன்னேன் என்று அத்தை எப்படிச் சொல்வார்? "கலியாணத்தப்ப நல்லாத்தான் இருந்தா. ஏதோ காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று சமாளித்தார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வண்டிக்காரர், கொஸ்லந்தவுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போனபோது இந்தச் சேதியையும் சேர்த்து இறக்கிவிட்டு வந்தார்.

ஒரு சந்தை நாள். கடை நிறையக் கூட்டம், கிளாக்கர் வீட்டு அம்மாளும் நின்றார். வாசலில் அப்பா. துரையிடம் கெஞ்சி லீவு வாங்கி, பண்டாரவளை வரைக்கும் நடந்து, அங்கிருந்து ஏதோ காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கங்காணிக் கோட்டெல்லாம் புழுதி. என்னைக் கண்டதும் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே வெள்ளியில் ஒரு சின்ன நாக்கு.

"ஒங்கம்மா தண்டைய உருக்கி அடிச்சது தாயி. கதிர்காமத்தானுக்கு நேர்ந்துக்கிட்டோம். நீ பேச வேணாம். நான் பேசுறது காதுல விழுதா? அத மட்டும் தலைய ஆட்டிச் சொல்லு."

அம்மாவிடம் இருந்த வெள்ளி அந்தத் தண்டை ஒன்றுதான். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

"ஐயோ அப்பா! எனக்கு ஒன்னுமில்லப்பா! நல்லாத்தாம்ப்பா இருக்கேன்!"

மலைக்கு மலை கேட்கும் குரல், அதுவும் அடக்கிவைத்திருந்த குரல். கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த தராசைக் கீழே போட்டுவிட்டார் என் கணவர்.

"முருகா! பிள்ளை கதைச்சிட்டாள்!" என்று கிளாக்கர் வீட்டு அம்மாள் அலறினார். கூட்டம் மொத்தமும் தலைமேல் கைகூப்பி "அரோகரா" என்றது. அத்தை என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவரும் கைகூப்பினார். அந்த நாக்கை வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தார்.

கொல்லையில் அப்பாவுக்குச் சோறு போடும்போது உண்மையைச் சொன்னேன்.

"என் பேச்சக் கேட்டுச் சிரிக்கிறாங்கப்பா. வெக்கமா இருந்துச்சு. அதான் பேசாம இருந்துட்டேன்."

நன்றாக ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்கிட்டதானே தாயி பேசக் கத்துக்கிட்ட?" என்றார்.

புறப்படும்போது, "இருந்துட்டுப் போங்க சம்பந்தி" என்று அத்தை மனசாரத்தான் சொன்னார். அப்பா சிரித்துத் தலையசைத்தார். "ஐயா எந்தத் தோட்டம்?" என்று கிளாக்கர் வீட்டு அம்மாள் கேட்டார். அப்பா மலைப் பக்கம் கையைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பழகிய அதே தலையசைப்பு. வாய் திறந்தால் மகளுக்கு வெட்கம் என்று, ஒரு சத்தத்தில் மலையையே நிறுத்துகிற மனுஷன் வாயை மூடிக்கொண்டார். பாவி நான்!

அவர் வண்டியேறிவிட்டார். நான் செருப்பில்லாமல் நடுத்தெருவுக்கு ஓடினேன்.

"அப்பா! பாத்துப் போங்கப்பா! அம்மாவ நான் கேட்டேன்னு சொல்லுங்க! திருவிழாவுக்கு ரெண்டு பேரும் வாங்க!"

கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முருகன் கொடுத்த பேச்சை மூடு என்று அவர் எப்படிச் சொல்வார்? வண்டி தெருமுனை வரைக்கும் போய்விட்டது. நான் இன்னொரு தடவை கத்தினேன்.

"வர்றேன் தாயி!" என்று அங்கிருந்து பதில் வந்தது, என் சத்தத்தைவிடப் பெரிய சத்தமாக.