சைக்கிள் ரிம்மில் அரைத்த காப்பி

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் என்னை மில்லுக்கார எலியேசர் என்பார்கள். முப்பத்தோரு வருசம் மில்லில் இருந்தது உண்மை. என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை. கழிவுப்பஞ்சு கூட்டி அள்ளினேன். ஆனாலும் எவன் வீட்டு மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவான். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு வருவேன்.

போன தை மாசம் என் வீட்டுக்காரி ஞானரத்தினம் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. "இந்தக் கையால எதையும் சுத்தவோ அழுத்திப் பிடிக்கவோ கூடாது. எலும்பு விலகினா ஆபரேசன்தான்" என்றார் டாக்டர். அவளோ மறுநாளே, கையால் சுற்றிக் காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அது அவள் சித்தப்பா மரியசூசை, அதாவது என் மாமனாருக்கு மூன்றாவது தம்பி, எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர், கல்யாணத்துக்குக் கொடுத்தது. அவர் மூத்த மகளைத்தான் மம்சாபுரத்தில்... அது கிடக்கட்டும். கடைத்தூள் ஞானரத்தினத்துக்குத் தொண்டையில் இறங்காது.

நான் ரெண்டு நாள் சுற்றினேன். மூன்றாம் நாள் தோள் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பேத்தி வின்சிக்குக் கல்யாணம் பேசி முடிக்கச் சேத்தூர்க்காரர்கள் வருவதாக இருந்தது.

"அவியளுக்குப் பாக்கெட் தூளா போடச் சொல்லுதிய? நகருங்க, நானே சுத்திக்கிடுதேன்" என்றாள் ஞானரத்தினம்.

"மோட்டார் வைக்கேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முத்து முகம்மதுவின் பழைய சாமான் கடையில், உடைந்த கிரைண்டரிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்று கிடந்தது. "எந்தப் பக்கம் சுத்தணும் அண்ணாச்சி?" என்று கேட்டார் அவர்.

"மோட்டாருக்கு என்னப்பா பக்கம்? சுத்தினாச் சரி" என்றேன். மில்லுக்காரன் இல்லையா.

சனிக்கிழமை மிஷினின் கைப்பிடியைக் கழற்றி, அந்த இடத்தில் டயர் இல்லாத சைக்கிள் ரிம்மை வைத்து நட்டைப் பூட்டினேன். மில்லில் கழித்துப் போட்ட நாடாவைத் தைத்துப் பெல்ட் ஆக்கினேன். சுவிட்சைப் போட்டதும் ரிம் தலைகீழாகச் சுற்றியது. கொட்டை முழுசாக விழுந்தது. நட்டு தானாகக் கழன்று, ரிம் வாசலைத் தாண்டி உருண்டு எதிர்வீட்டு மாரிசாமியிடம் போய் விழுந்தது. அவன் தூக்கிக்கொண்டு வந்து, "பேரிங் போயிருச்சோ அண்ணாச்சி?" என்றான்.

ஞானரத்தினம் கைப்பிடியை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மில்லில் ஒரு பழைய மிஷின் ஞாபகம் வந்தது. அதில் பெல்ட் எட்டுப் போட்ட மாதிரி குறுக்கே ஓடும். என் துடைப்பம் அதில் சிக்கி மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ரிம்மைத் திரும்பப் பூட்டி, அதேபோல் நாடாவைக் குறுக்கே மாட்டினேன். ரிம் நேர்ப்பக்கம் சுற்றியது. தூள் மாவாக விழுந்தது.

ஆனால் மிஷின் நடக்க ஆரம்பித்தது. கையால் சுற்றும்போது மற்றக் கையால் மிஷினை இறுக்கிப் பிடித்துக்கொள்வோமே, அதை மறந்துவிட்டேன். ஞாயிறு காலையில் அதை முழங்காலுக்குள் இடுக்கி, கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும்போது சேத்தூர்க்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"என்ன மாமா, யார்கூட மல்லுக்கட்டுதிய?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா ரிச்சர்ட்.

"செத்த நேரம் இந்தப் பக்கத்தைப் பிடிங்க. விட்டா வாசலுக்குப் போயிரும்."

அவரும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். கட்டுப் போட்ட கையோடு நின்ற ஞானரத்தினம், "நான் ஒருத்தி பாத்த வேலைக்கு ரெண்டு ஆம்பளையும் கரண்டும்" என்றாள். ரிச்சர்ட் தலைமுடியெல்லாம் காப்பித்தூள். வின்சிக்குப் பேசி முடிந்தது. அதற்கு நான் காரணமில்லை.

பொறவு மிஷினைப் பலகையில் போல்ட் போட்டுப் பூட்டினேன். இப்போது பலகையோடு சேர்ந்து நடக்கிறது. கட்டுப் பிரித்த டாக்டர், எலும்பு நல்லாக் கூடியிருக்கு, ஆனால் இன்னும் மூணு மாசம் சுத்தக் கூடாது என்றார். அவளுக்குப் பொறுமை இல்லை. "அந்த ரிம்மைக் கழத்திப் போட்டுட்டுக் கைப்பிடிய மாட்டுங்க" என்று தினமும் கேட்கிறாள். கைப்பிடியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மிஷினைக் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டே, "தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்கிறேன்.