வாரம் ஒரு தப்பு

போன வருஷம் மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது இது. தாம்பரத்துக்குப் பக்கத்துல, செம்பாக்கம் ஏரியை ஒட்டின ஒரு தெருவுல எங்க வீடு. வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான். ஒரே பொண்ணு, கல்யாணமாகி பெங்களூர்ல இருக்கா.

முதல்லயே சொல்லிடறேன், எனக்கும் சினிமாவுக்கும் ரொம்ப தூரம். டைட்டில் போடும்போது கண்ணைத் திறந்து வச்சிருப்பேன், படம் முடிஞ்சதும் யாராவது எழுப்பணும். எங்க வீட்டுக்காரர் நேர் எதிர். ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர், ஆனா மண்டை பூரா சினிமாதான். இத்தனைக்கும் சின்ன வயசுல அவர் தியேட்டர் வாசலை மிதிச்சதே இல்ல. எங்க மாமனார் சர்ச் கமிட்டியில பெரிய ஆள். சினிமான்னாலே சாத்தானோட வேலைன்னு சொல்றவர். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, அவர் குறட்டை விட ஆரம்பிச்சதும் இவர் பக்கத்து வீட்டுச் சுவர்ல காதை வச்சுக்குவாராம். அந்த வீட்டு ரேடியோவுல ஒலிச்சித்திரம் போகும். ஒரு படத்தைச் சுருக்கி வசனமும் பாட்டுமா போடுவாங்களே, அதேதான். அப்படிக் காதாலயே படம் பார்த்து வளர்ந்த மனுஷன். மூஞ்சியே தெரியாத ஹீரோயினுக்காக அழுதிருக்கேன்னு சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணம் ஆனப்புறம் விட்டதையெல்லாம் பிடிச்சார் பாருங்க, அப்பப்பா! எந்தப் படத்துல எந்த சீன்ல யார் என்ன சொன்னாங்கன்னு கேட்டா மனப்பாடமா வரும். டிவியில யாராவது தப்பாச் சொல்லிட்டா போதும், டிவியோடயே சண்டைக்குப் போவார். "ஏங்க, அவனுக்கு நீங்க பேசறது கேக்காதுங்க"ன்னு நான் அடுப்படியில இருந்து கத்துவேன்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒருநாள் காலையில காபி குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே டம்ளர் கையை விட்டு விழுந்துது. பக்கவாதம். நல்லவேளையா சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டோம், உயிர் பிழைச்சுட்டார். கால் மெதுவா நடக்க வந்துது. வலது கை கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுச்சு. பேச்சு மட்டும் போயிடுச்சு.

போச்சுன்னா முழுசாப் போகல. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சமிருந்துது. "சரி." தண்ணி வேணுமான்னா "சரி". வேண்டாம்னாலும் "சரி"தான். கோபம் வந்தா "சரி சரி சரி"ன்னு தொடையில அடிச்சுக்குவார். நாம பேசறது அத்தனையும் புரியுது, மனசுல பதிலும் இருக்கு, வாசல் வரைக்கும் வந்து வெளியில வர மாட்டேங்குது. ஒரு விஷயத்துலயும் என்கூட ஒத்துப் போகாத மனுஷன் இப்படி எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்றதைக் கேக்க எனக்கு மனசே பொறுக்காது.

பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்தா. தங்கமான பொண்ணு. படம் போட்ட அட்டைகளை எடுத்துக் காட்டி, "சார், இது என்ன சொல்லுங்க?"ன்னு கேப்பா. ஆப்பிள் படம். இவர் அதைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்குவார். இத்தனை வருஷம் பிள்ளைங்களைக் கேள்வி கேட்ட வாத்தியார்கிட்ட ஆப்பிளைக் காட்டி இது என்னன்னு கேட்டா? ரோஷம். "சார் முயற்சியே பண்ண மாட்டேங்கறார் ஆன்ட்டி, இப்படியே விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டமாயிடும்"னு அந்தப் பொண்ணு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா.

அவர்கிட்டப் படிச்ச பசங்க நாலு பேர் பார்க்க வந்தாங்க. பழைய கதையெல்லாம் பேசிச் சிரிக்க வச்சாங்க. "சார் போர்டுல கணக்கை அடிக்கடி தப்பாப் போட்டுடுவார் ஆன்ட்டி. கடைசி பெஞ்ச்ல இருக்கற நாங்கதான் கையைத் தூக்கிச் சொல்லுவோம்"னு ஒருத்தன் சொன்னான். "வாத்தியாரே இந்த லட்சணம்தானா?"ன்னு நானும் அவரைச் சீண்டினேன். லேசாச் சிரிச்சு, "சரி"ன்னார்.

பெங்களூர்ல இருந்து எங்க பொண்ணு வந்திருந்தப்ப ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வச்சு, சினிமா பத்திப் பேசற ஒரு பாட்காஸ்ட்டைப் போட்டுவிட்டா. ஒரு பையனும் ஒரு பொண்ணும் வாரா வாரம் சனிக்கிழமை பழைய படம் ஒண்ணை எடுத்துக்கிட்டு, அதை எப்படி எடுத்தாங்க, யார் யார் நடிச்சாங்கன்னு பேசுவாங்க. பையன் வாயைத் திறந்தா மெட்ராஸ் பாஷைதான். "மச்சான், இன்னிக்கு இன்னா படம் சொல்லு"ன்னுதான் ஆரம்பிப்பான். அந்தப் பொண்ணு நிதானம். எந்த வருஷம், எந்த ஊர்ல ஷூட்டிங்னு தேடிப் படிச்சுட்டு வந்து பேசறவ. எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பார். திரும்பவும் சுவர்ல காதை வச்ச பையன் ஆயிட்டார்னு நினைச்சுக்குவேன்.

அன்னிக்கு சனிக்கிழமை மத்தியானம். நான் ஹால்ல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். படத்தோட பேர் கேக்காதீங்க, எனக்கு எங்க ஞாபகம் இருக்கு! கருப்பு வெள்ளைப் படம், அது மட்டும் தெரியும். பாட்காஸ்ட்ல அந்தப் பையன், "லாஸ்ட் சீன்ல ஹீரோ ட்ரெய்ன் ஏறிப் போவான் பாரு, செம்ம!"ன்னான்.

"தப்பு!"

கீரைக் கட்டு மடியில இருந்து விழுந்துடுச்சு. யார் பேசினதுன்னு ஒரு நிமிஷம் எனக்குப் புரியல. திரும்பிப் பார்த்தா இவர் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருக்கார், முகமெல்லாம் சிவந்து கிடக்கு. ஸ்பீக்கரைக் கையால காட்டறார். வாய் கோணுது, நாக்கு தடுமாறுது. பேச்சுப் பயிற்சிக்காரப் பொண்ணு சொல்லியிருந்தா, வார்த்தையை நீங்க எடுத்துக் குடுக்காதீங்க, எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கன்னு. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ப... பஸ்"ன்னார்.

ஹீரோ ட்ரெய்ன்ல போகலையாம், பஸ்லதான் போனானாம்! ஐயோ, இயேசப்பா! நான் அழுதேன், அவரும் அழுதார். அழுதுக்கிட்டே திரும்பவும் ஸ்பீக்கரைக் காட்டி "தப்பு, தப்பு"ன்னார்.

பாட்காஸ்ட் முடியும்போது வாட்ஸ்அப் நம்பர் ஒண்ணு சொல்லுவாங்க. எனக்குத் தமிழ்ல டைப் அடிக்க வராது. குரல் பதிவாவே அனுப்பினேன். "ஏன் தம்பி, அது ட்ரெய்ன் இல்லையாம், பஸ்ஸாம். ஆனா நீ நல்லா இருப்பா! பேச்சில்லாம கிடந்த எங்க வீட்டுக்காரர் நீ பண்ண தப்பாலதான் இன்னிக்கு வாயைத் திறந்தார். ஆப்பிளைக் காட்டினா மூஞ்சியைத் திருப்பறவர், உன்னைத் திருத்தறதுக்காகப் பேசினார். முடிஞ்சா அடுத்த வாரமும் ஒரு தப்புப் பண்ணுப்பா"ன்னு சந்தோஷத்துல ஏதோ உளறி வச்சேன். பதில் வரல. ஆயிரம் பேர் அனுப்புவாங்க, என் புலம்பலை யார் கேக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் ஹீரோயினோட அப்பாவைப் போஸ்ட்மேன்னு சொன்னான். இவர் துள்ளி எழுந்தார். "தப்பு! டெய்... டெய்லர்!" அதுக்கடுத்த வாரம் அந்த நிதானமான பொண்ணே தப்புப் பண்ணா. ஏதோ ஒரு பாட்டைக் கடற்கரையில எடுத்தாங்கன்னு சொல்லிட்டா. "மலை... மலை மேல. மழை பெய்யும்"னு இவர் ஒரு முழு வாக்கியமே பேசிட்டார். சனிக்கிழமை வந்தா காலையிலேயே குளிச்சு, சட்டை போட்டு, தலை சீவி உட்கார்ந்துடுவார். மத்த நாள்லயும் ஒண்ணு ரெண்டா வார்த்தைகள் வர ஆரம்பிச்சுது. காபியில சக்கரை பத்தலன்னு ஒருநாள் சொன்னார். கல்யாணமான நாள்ல இருந்து கேட்டுப் புளிச்சுப் போன குறைதான், ஆனா அன்னிக்குத் தேனா இருந்துது.

பாட்காஸ்ட்டுக்குக் கீழ எல்லாரும் கண்டபடி திட்டியிருக்காங்கன்னு எங்க பொண்ணு போன்ல சொன்னா. "மைக் கிடைச்சா போதும், படத்தைப் பார்க்காமயே பேச வந்துடறாங்க"ன்னு ஒருத்தர். "இவங்க சொல்றதை நம்பவே முடியல, இனிமே கேக்க மாட்டேன்"னு இன்னொருத்தர். எனக்கே சங்கடமா இருந்துது. நல்லாப் படிச்சுட்டு வந்து பேசிக்கிட்டு இருந்த பிள்ளைங்க, இப்ப ஏன் இப்படி அசட்டையாயிட்டாங்கன்னு நினைச்சேன். ஆனா உள்ளுக்குள்ள, கர்த்தரே, இதுங்க திருந்திடக் கூடாதுன்னு ஜெபம்!

ஒரு சனிக்கிழமை மருந்து வாங்கத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போயிட்டு, சாயங்காலம் பஸ்ஸுக்காக நின்னுக்கிட்டு இருந்தேன். மத்தியானம் இவர் ரொம்ப நேரம் யோசிச்சு, பாட்காஸ்ட் முடியற சமயத்துலதான் தப்பைப் பிடிச்சிருந்தார். போன் சிணுங்குச்சு. அந்த பாட்காஸ்ட் நம்பர்ல இருந்து ஒரு குரல் பதிவு. ஹார்ன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, ஒரு காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டேன்.

"அக்கா, வணக்கம்க்கா. இவ்ளோ நாளா ரிப்ளை பண்லன்னு கோச்சிக்காதீங்க. சார் இந்த வாரம் புடிச்சிட்டாரா? கொஞ்சம் கஷ்டமா வச்சிட்டோமோன்னு காலைல இருந்து ஒரே பேஜாரா கீதுக்கா."

வச்சிட்டோமோ? என்னத்தை வச்சாங்க? திரும்பப் போட்டுக் கேட்டேன். அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. முதல் தப்பு மட்டும்தான் தப்பு. மத்ததெல்லாம் எங்க வீட்டுக்காரருக்காக உட்கார்ந்து யோசிச்சு வச்சது. ஊரே காறித் துப்புதுன்னு தெரிஞ்சும் வாரா வாரம் வச்சது. என் பஸ் வந்துது, போச்சு. அந்தக் கூட்டத்துல, மருந்துப் பையைப் பிடிச்சுக்கிட்டு, வெக்கமில்லாம அழுதுக்கிட்டு நின்னேன். பூ விக்கிற அம்மா, "இன்னாம்மா, பர்ஸை உட்டுட்டியா?"ன்னு கேட்டாங்க.

பேசிப் பார்த்தா ரெண்டு பேரும் பீர்க்கன்கரணையில இருக்காங்க, எங்க வீட்டுல இருந்து பஸ்ல போற தூரம்தான். வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். வந்தாங்க. நான் கேட்டுலயே மடக்கி, "வேணும்னு பண்ணதா மட்டும் அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. ரோஷக்காரர். தெரிஞ்சா திரும்ப ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துடுவார்"னு கெஞ்சினேன். பதில் அனுப்பாததுக்கும் அதே பயம்தான் காரணம்னு அந்தப் பொண்ணு சொன்னா.

அந்தப் பிள்ளைங்க ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிட்டு வந்திருந்தாங்க. என் குரல் பதிவை முழுசாக் கேட்டிருக்கான் படுபாவி! இவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆப்... பிள்"னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க, கண்டுபிடிச்சுட்டாரோன்னு நான் அவசரமா டீ போட உள்ள போயிட்டேன்.

டீ குடிச்சோம். பையன் மழையைப் பத்தி, ட்ராஃபிக்கைப் பத்தி எல்லாம் பேசினான், சினிமா பக்கமே போகல. இவர் டம்ளரைக் கீழ வச்சார். ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

"வேணும்னே... பண்றீங்க"ன்னார்.

அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். இவர் இடது கையைத் தூக்கி, காத்துல சாக்பீஸ் பிடிக்கற மாதிரிப் பிடிச்சு எழுதிக் காட்டினார்.

"நானும்... போர்டுல... தப்பாப் போடுவேன். கடைசி பெஞ்ச்... கை தூக்கட்டும்னு." இடது கையை உசரத் தூக்கிக் காட்டினார், ஸ்கூல் பிள்ளை மாதிரி. "அவங்க... வாயே திறக்க மாட்டாங்க. தப்பைப் பார்த்தா... திறப்பாங்க."

இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவ நான், எனக்கு இது தெரியாது. வாத்தியாரே இந்த லட்சணமான்னு சிரிச்சவ!

"சார், எப்பத்துல இருந்து சார் தெரியும்?"னு பையன் கேட்டான்.

"ரெண்டாவது... வாரம். டெய்லர்."

"தெரிஞ்சுமா வாரா வாரம் சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்து தப்பு தப்புன்னு கத்தினீங்க?"ன்னு நான் கேட்டேன். எனக்குக் கோபமா அழுகையான்னு தெரியல.

அவர் அந்தப் பிள்ளைங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடினார். நாங்க மூணு பேரும் காத்திருந்தோம், யாரும் எடுத்துக் குடுக்கல.

"எனக்காக... திட்டு வாங்கறாங்க. நான்... கை தூக்க வேணாமா?"

அந்தப் பையன், அவ்வளவு வாயாடி, எழுந்து வாசப்பக்கம் போயிட்டான். அந்தப் பொண்ணு இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அவ தலையில தட்டிக் குடுத்துட்டு இவர், "அந்தக் கடற்கரை... ரொம்ப ஈஸி"ன்னார். அழுதவ சிரிச்சுட்டா.

இப்ப அவர் நல்லாவே பேசறார். அவசரத்துல ஒண்ணு ரெண்டு வார்த்தை சிக்கும், அவ்வளவுதான். தப்பு வைக்கறதை நிறுத்திடுங்கன்னு அவரே சொல்லிட்டார். நடந்ததை பாட்காஸ்ட்ல சொல்லுங்களேன், திட்டினவங்களுக்கு உண்மை தெரியட்டுமேன்னு நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் வேணாம்க்கா, உடுங்க"ன்னுட்டாங்க. அந்தத் திட்டெல்லாம் இன்னும் அப்படியேதான் கிடக்கு. மனசு சோர்ந்து போற நாள்ல எங்க பொண்ணை விட்டு அதைப் படிக்கச் சொல்லிக் கேப்பேன். நாங்க யாருன்னே தெரியாத ரெண்டு பிள்ளைங்க, என் வீட்டுக்காரர் ஒருத்தர் சரியாச் சொல்லணும்கறதுக்காக, ஊர் முன்னாடி தப்பானவங்களா நின்னாங்களேன்னு நினைச்சா இன்னிக்கும் கண்ணு நிறைஞ்சுடுது.