பன்னிரண்டு மில்லி புஷ்

எனக்கு வேண்டியிருந்தது கட்டைவிரல் பருமனில் ஒரு எஃகுத் துண்டு. நடுவில் பன்னிரண்டு மில்லிமீட்டரில் நேரான, வழவழப்பான துளை. துளையிடும் டிரில் பிட் உள்ளே எவ்வளவு சுற்றினாலும் தேயாத கெட்டியான எஃகாக இருக்க வேண்டும். தொழிற்சாலைகளில் அதற்கு டிரில் புஷ் என்று பெயர். அதைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். அந்த மூன்று மாதத்தில் மனிதர்கள் மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதில் ஒரு பங்கு என் மேலேயே வந்தது. அது போகும் என்றும் தோன்றவில்லை.

நான் கணக்கு டீச்சர். சேலையூரில் தனியாக இருக்கிறேன். பத்து வருடமாக மரவேலை செய்கிறேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு, ஒரு மேஜை, ஒரு ரம்பம், கை டிரில் என்று வைத்திருக்கிறேன். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆளுக்கொரு ஸ்டூல் கேட்பார்கள்.

ஊரப்பாக்கத்தில் என் தங்கை வாடகை வீடு ஒன்றில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பள்ளி நடத்துகிறாள். பதினாறு பிள்ளைகள். பாதிப் பேருக்கு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. அவர்களுக்குக் கைப்பழக்கம் வர ஒரு பலகை உண்டு. வரிசைக்கு ஐந்தாக இருபத்தைந்து துளைகள் இருக்கும். மரக்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் துளைகளில் நிறுத்த வேண்டும். கடையில் அதன் விலையை விசாரித்துவிட்டு வந்து, கட்டுப்படியாகாது என்றாள் தங்கை. நான்தான் வாயைத் திறந்து, பன்னிரண்டு பலகை செய்து தருகிறேன் என்றேன்.

பன்னிரண்டு பலகைக்கு முந்நூறு துளை. எல்லாம் செங்குத்தாக இருக்க வேண்டும். துளை சாய்ந்திருந்தால் குச்சி பாதியில் சிக்கிக்கொள்ளும். நாமாக இருந்தால் ஒரு திருகு திருகி உள்ளே தள்ளிவிடுவோம். அந்தப் பிள்ளைகளால் அது முடியாது. ஒருமுறை சிக்கினால் அன்று முழுக்க அந்தப் பலகையைத் தொட மாட்டார்கள்.

கை டிரில் நேராகப் போகாது. அதனால் ஒரு மரக்கட்டையில் துளை போட்டு, அதைப் பலகை மேல் இறுக்கி வைத்து, அந்தத் துளை வழியாகவே பிட்டை இறக்கிப் பார்த்தேன். இந்தக் கட்டைக்கு ஜிக் என்று பெயர். முதல் இருபது துளை அருமையாக வந்தது. அதற்குப் பிறகு கட்டையில் இருந்த துளையே தேய்ந்து பெரிதாகி, பிட் உள்ளே ஆட ஆரம்பித்தது. கட்டைக்குள் ஒரு எஃகு புஷ் பதித்தால் இந்தத் தொல்லை இல்லை. அதைத்தான் தேடிப் போனேன்.

முதலில் தாம்பரத்தில் ஒரு பெரிய ஹார்டுவேர் கடை. பன்னிரண்டு மில்லி பிட்டைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, இது ஆடாமல் போகிற மாதிரி கெட்டியான புஷ் வேண்டும் என்றேன். கல்லாவில் இருந்தவர் பிட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சார் வரலையா மேடம்?"

"எந்த சார்?"

"வீட்டுல சார் இருப்பாருல்ல. அவரை அனுப்புங்க. இல்லேன்னா பிளம்பரைக் கூட்டிட்டு வாங்க. சைஸ் தெரியாம வாங்கிட்டுப் போயிட்டு, மாத்திக் குடுன்னு வருவாங்க லேடீஸ்."

பிட்டில் அளவு பொறித்திருக்கிறது என்றேன். அவர் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் புஷ் ஒன்றை என் முன்னால் உருட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார். என் வீட்டில் சார் கிடையாது. இருந்திருந்தாலும் அவருக்கு டிரில் புஷ் பற்றித் தெரிந்திருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போதும் பஸ் ஏறிய பிறகுதான் பதில் தோன்றும்.

அடுத்தது தொழிற்சாலைகளுக்குச் சப்ளை செய்யும் ஒரு வியாபாரி. போனை எடுத்ததும் "எந்தக் கம்பெனி?" என்றார். கம்பெனி இல்லை, வீட்டில் செய்கிறேன், இரண்டு போதும் என்றேன். ஐம்பதுக்குக் குறைந்து தர மாட்டார்களாம். ஒன்றின் விலையைச் சொன்னபோது காதில் தவறாக விழுந்ததோ என்று மறுபடி கேட்டேன். அவர் மறுபடி சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

பிறகு ஆன்லைனில் வாங்கினேன். "கடினமாக்கப்பட்ட எஃகு" என்று போட்டிருந்தது. நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். வந்த டப்பாவைத் திறந்ததும் புஷ்ஷுக்கு முன்னால் ஒரு பளபள அட்டை விழுந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்து அதைப் படம் பிடித்து அனுப்பினால் நூறு ரூபாய் திரும்பத் தருவார்களாம். அந்த நாற்பது பேரும் யாரென்று அப்போது புரிந்தது. ஓர் அரத்தை எடுத்து புஷ் மேல் இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. கெட்டியான எஃகில் அரம் ஏறாது, வழுக்கிக்கொண்டு போகும். திருப்பி அனுப்ப முயன்றேன். அரம் போட்ட தடம் இருக்கிறது, பயன்படுத்திய பொருளை வாங்க முடியாது என்று பதில் வந்தது. சோதித்துப் பார்க்காதவரை அது நல்ல பொருள். சோதித்தால் பயன்படுத்திய பொருள்.

இப்படித்தான் இரும்புலியூரில் ஒரு சந்துக்குள் இருந்த லேத் பட்டறைக்குப் போனேன். அந்த ஆளுக்கு என் வயதுதான் இருக்கும். வாய் நிறையப் பாக்கு. பேச வேண்டுமென்றால் எழுந்து வாசலுக்கு வந்து, சுவரோரமாகத் துப்பிவிட்டுத்தான் பேசுவார். அந்தச் சுவர் இடுப்பு உயரம் வரைக்கும் காவி நிறத்தில் இருந்தது. ஆனால் நான் சொன்னதை முழுதாகக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவர். சாரைக் கூட்டி வரச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு மனது இளகிவிட்டது. தங்கையின் பள்ளி, பிள்ளைகளின் விரல்கள், துளை ஏன் சாயக் கூடாது எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் கூடுதல் அக்கறையோடு செய்வார் என்று நினைத்தேன்.

"நல்ல காரியம் பண்றக்கா," என்றார். "ரெண்டு நாள் டைம் குடு. டூல் ஸ்டீல்ல கடைஞ்சு, ஹார்டனிங் பண்ணி வச்சிக்கினு இருப்பேன். உன் ஆயுசுக்கும் தேயாது."

இரண்டு நாள் கழித்துப் போனேன். கன்னங்கரேலென்று இரண்டு புஷ். நெருப்பில் காய்ச்சி எண்ணெயில் முக்கிய எஃகு அப்படித்தான் இருக்கும். பிட் உள்ளே கச்சிதமாக இறங்கியது. அரம் போட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நல்ல காரியம் என்று சொன்ன மனிதரின் முன்னால் அவர் வேலையைச் சந்தேகிப்பதா? வீட்டுக்கு வந்தும் போட்டுப் பார்க்கவில்லை.

அந்த வார விடுமுறையில் நான்கு பலகைகளுக்குத் துளை போட்டேன். நல்ல ரப்பர் மரப் பலகைகள். நான்காவதை முடித்துவிட்டுக் குச்சியைச் செருகிப் பார்த்தபோதுதான் அது சாய்ந்து நின்றது. புஷ்ஷைக் கழற்றினேன். உள்ளே கருப்பு போய் வெள்ளை இரும்பு பளபளத்தது. துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. முதல் பலகை மட்டும் பரவாயில்லை. இரண்டாவதில் நான்கைந்து குச்சி சிக்கியது. மூன்றும் நான்கும் உதவாது.

இதற்கு அடுத்து நான் செய்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் மற்றவர்களைப் பற்றி எழுதியதற்கு அர்த்தமில்லை.

இரண்டாவது பலகையைத் துடைத்து, மெழுகு போட்டு, முதல் பலகையோடு சேர்த்துப் பையில் வைத்தேன். மூன்றாவதை எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். அதையும் வைத்தேன். மரம் பார்க்க அழகாக இருந்தது. மூலைகளை வழவழவென்று உருட்டியிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போகிறது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அதை நான் அடக்கவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஊரப்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போனேன்.

தங்கை பலகைகளை வாங்கித் தடவிப் பார்த்தாள். முதலாவதில் ஒரு வரிசை முழுக்கக் குச்சிகளை நிறுத்தினாள். அடுத்து மூன்றாவதை எடுத்தாள். இரண்டாவது குச்சியே பாதியில் நின்றது. அவள் அதை அழுத்தவில்லை, திருகவில்லை. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது கோணல்னு உனக்குத் தெரியுமா?"

"லேசாத்தான் சாஞ்சிருக்கு. கொஞ்சம் அழுத்தினா..."

"தெரிஞ்சுதான் எடுத்துட்டு வந்தியா?"

நான் சிக்கிய குச்சியை உருவி எடுத்தேன்.

"உன் கிளாஸ் பசங்களுக்குத் தப்பா அச்சடிச்ச கொஸ்டின் பேப்பரைக் குடுப்பியா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. இரண்டாவதிலும் குச்சியைச் செருகிப் பார்த்துவிட்டு, கோணல் பலகைகள் இரண்டையும் என் பையிலேயே திருப்பி வைத்தாள். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, தோசை வார்க்க உள்ளே போனாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் நேராக இரும்புலியூர் போனேன். லேத்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து துப்பினார். தேய்ந்த புஷ்ஷை அவர் முன்னால் வைத்தேன்.

"இது டூல் ஸ்டீலா?"

அவர் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாக்கா நீ. மரத்துக்குத்தான கேட்ட. மரத்துக்கு எம்எஸ் போதும்."

எம்எஸ் என்றால் சாதாரண இரும்பு. ஜன்னல் கம்பிக்குப் போடுவது. "ஹார்டனிங் பண்ணினேன்னு சொன்னீங்களே. கருப்பா இருந்துச்சே."

"பழைய இன்ஜின் ஆயில்ல சுட வச்சு முக்குனா எதுவும் கருப்பாத்தான் ஆவும்." அதைச் சொல்ல அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி சொன்னார். "இதுக்குப் போயி அவ்ளோ தூரம் வந்துகினு. ஏங்கா, அந்த மாதிரி புள்ளைங்களுக்குத்தான? ஓட்டை நேரா கீதா, கோணையா கீதான்னு அதுங்களுக்கு இன்னா தெரியப் போவுது?"

சுவரிலிருந்த எச்சில் கறை, எரிந்த எண்ணெய் நாற்றம், இடுக்குகளில் அழுக்கேறிய அந்த விரல்கள் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தன. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் முந்தின நாள் இதே வார்த்தைகள்தான், கொஞ்சம் நாகரிகமான தமிழில், என் தலைக்குள் ஓடின. எந்த முகத்தோடு நான் இவரைத் திட்டுவது? புஷ்ஷை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர் பின்னாலிருந்து, "வேற ஒண்ணு கடைஞ்சு தரட்டாக்கா?" என்று கேட்டார். கோபமே இல்லாமல், உண்மையாகவே உதவுகிற குரலில் கேட்டார். அதுதான் எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது.

ஜிஎஸ்டி ரோட்டு ஓரமாக ரொம்ப தூரம் நடந்தேன். வீட்டுக்கு வந்து கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு மாடிக்குப் போய், கோணல் பலகைகள் மூன்றையும் ரம்பத்தால் அறுத்துத் துண்டாக்கினேன். அப்படியே விட்டால் எனக்கு மறுபடி சபலம் வரும் என்று பயமாக இருந்தது.

ஒரு மாதம் டிரில்லைத் தொடவில்லை. தங்கையும் கேட்கவில்லை.

அப்புறம் வீட்டு மின்விசிறி கிறீச்சிட ஆரம்பித்தது. கேம்ப் ரோட்டில் ஃபேன் பழுது பார்க்கும் ஒரு கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதிகம் பேசாத ஆள். ஃபேனைப் பிரித்து, உள்ளே இருந்த பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, காலருகே இருந்த பெயின்ட் டப்பாவில் போட்டார். டப்பா நிறைய அதே மாதிரி பேரிங்குகள். கருப்பு கிரீஸ் அப்பிப் பிசுபிசுவென்று நாறின. ஆனாலும் என் கண் அந்த வளையங்களின் நடுத்துளையை விட்டு நகரவில்லை.

"இதோட ஓட்டை என்ன அளவு?"

"மேலே போடுறது பன்னெண்டு மில்லி. கீழே போடுறது பதினஞ்சு."

கைப்பையிலிருந்து பிட்டை எடுத்தேன். துளை போட்ட நேரம் போக, மூன்று மாதமாக அது அங்கேயேதான் கிடந்தது. சின்ன பேரிங் ஒன்றைப் பொறுக்கி, புடவைத் தலைப்பு கெட்டால் கெடட்டும் என்று துடைத்து, பிட்டை உள்ளே விட்டேன். ஆடாமல், அசங்காமல் இறங்கியது. பிட்டைச் சுற்றினால் உள்வளையமும் கூடவே சுற்றியது.

"இது கெட்டியான ஸ்டீல்தானா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த சந்தேகம் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் ஓர் அரத்தை எடுத்து நீட்டினார். இந்த முறை நான் கூச்சப்படவில்லை. கடை வாசலிலேயே நின்று இழுத்தேன். கண்ணாடி மேல் இழுத்தது போல அரம் வழுக்கிக்கொண்டு போனது. மூன்று இடத்தில் இழுத்துப் பார்த்தேன்.

"வேணும்னா எடுத்துக்கோங்க மேடம். எடைக்குத்தான் போடப் போறேன். ஆனா இது ஆடிப்போன பேரிங். புதுசாவே வாங்கிடுங்க, ஒரு காபி டிபன் காசுதான் ஆவும்."

இரண்டு புதிய பேரிங் வாங்கினேன். நான் ஏறி இறங்கிய கடைகளில் பாதியிலாவது இந்தப் பொருள் இருந்திருக்கும். தாம்பரத்துக் கடையில் கல்லாவுக்குப் பின்னாலேயே பேரிங் படம் போட்ட காலண்டர் மாட்டியிருந்தது என்பது இப்போது நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம் அந்த பிட்டைப் பார்த்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

இரண்டு பேரிங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டைக்குள் இறுக்கிப் பதித்தேன். முதல் துளையும் முந்நூறாவது துளையும் ஒரே மாதிரி வந்தன. தங்கையிடம் இருந்த பழைய முதல் பலகையைக் கணக்கில் சேர்க்காமல் பன்னிரண்டையும் புதிதாகவே செய்தேன். ஒவ்வொரு துளையிலும் குச்சியை நிறுத்திப் பார்த்த பிறகுதான் பையில் வைத்தேன்.

ஊரப்பாக்கத்தில் தங்கை அவற்றைப் பார்த்துவிட்டு, "இது சரி," என்றாள். அவ்வளவுதான். பலகையைப் பிள்ளைகளின் முன்னால் வைத்தாள். ஒன்பது வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. ஒரு குச்சியை எடுக்கவே அவளுக்கு நான்கு முயற்சி தேவைப்பட்டது. துளை மேல் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையை விட்டாள். குச்சி தானாகவே உள்ளே இறங்கி நேராக நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த குச்சிக்குக் கையை நீட்டினாள்.

அப்போது எனக்குச் சந்தோஷம் பொங்கியது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. நிம்மதி இருந்தது. அதற்கு அடியில் அந்தக் கசப்பும் அப்படியே இருந்தது. குச்சி சிக்கியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்பதைத்தான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தையும் நிறுத்த அவளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்ததும் பலகையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். நான் குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன்.