பொது எண்ணுக்கு ஒரு மிஸ்டுகால்

கோவில்பட்டியில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் என் செல்போன் எண்ணைக் கரும்பலகையிலேயே எழுதிப் போட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டுக்கு வந்தபின் ஒரு சந்தேகம் கேட்க எனக்கு யாரும் இருந்ததில்லை. என் பிள்ளைகளுக்கு அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அந்த எண் யார் யார் கைக்கோ போய்விட்டது. காலை வணக்கப் படங்கள் குவிந்தன. மச்சினனுக்கு வேலை கேட்டு ஒருவர் விடாமல் அழைத்தார். பக்கத்து நாற்காலி ஆசிரியர், "என்ன தம்பி, கஸ்டமர் கேர் நடத்துதீரோ?" என்று சிரிப்பார்.

அதனால் பள்ளிக்குப் பொது எண் வந்ததும் முதலில் சேர்ந்தவன் நான்தான். ஒரு செயலி வழியாக நாங்கள் அழைத்தால் வீட்டாருக்குப் பொது எண் மட்டுமே தெரியும். அவர்கள் திரும்ப அழைத்தால், பள்ளிக்கு நேரில் வரச் சொல்லும் பதிவுக் குரல். சொந்த எண்ணையும் மாற்றிவிட்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பையன் கணக்கில் மட்டும் தேறவில்லை. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கியதும் அவன் அம்மாவைப் பொது எண்ணிலிருந்து அழைத்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகச் செயலி காட்டியது. வந்துவிடுவான் என்று இருந்தேன். அவன் வரவில்லை, தேர்வும் முடிந்துபோனது.

ஆடி மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் வேலை முடிந்து நின்றிருந்தார்.

"அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான் சார்."

"நான் கூப்பிட்டேனேம்மா."

"தெரியும் சார். பள்ளிக்கூட நம்பர் எனக்கு அடையாளம் தெரியும். சாயங்காலம் பாத்ததும் மிஸ்டுகால் குடுத்தேன். மறுநாளும் குடுத்தேன். சார் பாத்தா கூப்பிடுவாவன்னு இருந்தேன்."

"மெசேஜும் போட்டேனே?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. அவன் அப்ப கடம்பூர்ல போளிக்கடையில வேலைக்கு நின்னான். சார்ட்ட கேட்டுட்டு அவன்ட்ட சொல்லலாம்னு பாத்தேன்."

ஒரு முறை மணி அடித்ததும் துண்டித்திருக்கிறார். பதிவுக் குரல் அவர் காதில் விழவே இல்லை. மிஸ்டுகால் கொடுத்தால் வாத்தியார் கூப்பிடுவார் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத ஏற்பாடு. என் அம்மா இன்றும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். பொது எண்ணில் விழும் மிஸ்டுகாலைப் பார்க்க ஆள் கிடையாது என்பது மற்ற ஆசிரியர்களுக்குத் தோன்றாமல் போகலாம். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவன் நம்பர் தாரேன் சார். அடுத்த வருசமாது எழுதச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

அங்கேயே என் சொந்த போனிலிருந்து அழைத்தேன். முழுவதும் அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை அவனே துண்டித்தான்.

"தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டான் சார்" என்றார் அவன் அம்மா.